இலங்கைப் பெயர் தாங்கிய அந்துப்பூச்சி

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்குப் பட்டுப்பூச்சி புதிதன்று. பலமநேர், குப்பம் பக்கங்களில் மல்பெரி இலையூட்டிப் பட்டுப்புழு வளர்ப்போர் பலர். அச்சிறிய வெண்பூச்சிக்கு உறவான பேருருவம் ஒன்று தென்னிந்தியக் காடுகளில் உண்டு. அறிவியலார் அதனை ‘அட்டகஸ் தாப்ரொபானிஸ்’ என்பர்.

விரித்த சிறகுகள் ஏறத்தாழ ஒரு சாண் அகலம் இருக்கும். செம்பழுப்பு நிறத்தின்மேல் வெண்மையும் இளஞ்சிவப்புமான கோடுகள் ஓடும். ஒவ்வொரு சிறகிலும் செதிலற்ற முக்கோணப் பகுதியொன்று கண்ணாடிச் சாளரம் போல் விளங்கும். முன்சிறகின் வளைந்த நுனியோ பாம்பின் தலையை நினைவூட்டும்.

இத்துணை அழகிய பூச்சிக்கு உண்ண வாயில்லை என்பது வியப்பன்றோ! புழுப் பருவத்தில் இலை தின்று சேர்த்த கொழுப்பே அதன் வாழ்நாள் முதல். அது தீருமுன், சில நாட்களுக்குள், துணை தேடி முட்டையிட்டாக வேண்டும். பெண் பூச்சி காற்றில் ஒருவகை மணத்தைப் பரப்பும். ஆண் பூச்சி இறகனைய உணர்கொம்புகளால் அதனை அறிந்து வந்து சேரும்.

‘தாப்ரொபானே’ என்பது பண்டைக் கிரேக்கர் இலங்கைக்கு வழங்கிய பெயர். 1880களில் பிரடெரிக் மூர் என்ற ஆங்கிலேயர் இலங்கைப் பூச்சிகளை ஆராய்ந்து நூல் எழுதியபோது இதற்கு இப்பெயரைச் சூட்டினார். ஆயினும் இது தீவுக்கு மட்டும் உரியதன்று. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளும் இதன் சொந்த இல்லமே. கடைசிப் பனியூழியில் கடல்மட்டம் 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்தது. இன்றைய பாக் நீரிணை அன்று தரையாய்க் கிடந்தது. இவ்விரு நிலங்களின் பழைய உறவுக்குத் திருமலையிலும் சான்றுண்டு. அங்குள்ள பாறைகளில் வாழும் பொன்பல்லியின் பேரினத்தில் மற்றோர் இனமே உளது. அது வாழ்வது இலங்கையில்!

சித்தூர்ப் பக்கத்தில் பலருக்குச் சோறு போடும் பட்டுப்பூச்சியின் பூர்வீகம் சீனம். இலங்கைப் பெயர் பூண்ட இதுவோ தென்னாட்டுக்கும் உரியது. பெயரைக் கொண்டு சொந்த மண்ணை முடிவு செய்தல் தகாது. ஊர்ப்பெயரை முன்னெழுத்தாகச் சுமந்து வேற்றூரில் வேர்கொண்ட நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ!

விடுமுறையில் நீலகிரிக்கோ வயநாட்டுக்கோ செல்லும் அன்பர்கள் இதனை விளக்கொளியில் காணக்கூடும். இது கடிக்கவோ கொட்டவோ அறியாது. துடைப்பத்தை எடுக்க வேண்டா. படம் பிடித்து, நாளும் இடமும் குறித்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிடுவோம். ஓரிரவு நமக்குச் சிறிது. அதற்கோ வாழ்நாளின் பெரும்பங்கு.