இழைமணிகளின் இணைவை நெறிப்படுத்தும் புரதங்கள்

முன்னுரை

செல்லின் ஆற்றல் மையமாகிய இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) பாடநூற் படங்களில் தனித்து நிற்கும் உறுப்பாகக் காட்டப்படுகின்றது. உண்மையில் பல செல்களில் இழைமணிகள் இணைந்தும் பிரிந்தும் இடையறாது உருமாறும் வலைப்பின்னலாக விளங்குகின்றன. எந்த இழைமணி இணையலாம், எது விலக்கப்பட வேண்டும் என்பதை நெறிப்படுத்தும் புரதங்களை இக்கட்டுரை விளக்குகின்றது.

இரு சவ்வுகள், இரு படிகள்

இழைமணிக்கு வெளிச்சவ்வு, உட்சவ்வு என இரு சவ்வுகள் உண்டு. ஆகவே இணைவும் இரு படிகளில் நிகழ்கின்றது. இதற்குரிய புரதம் ஒன்று டிரோசோபிலா என்னும் பழ ஈயில் கண்டறியப்பட்டு 1997ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதன் மரபணு பழுதுற்ற ஆண் ஈக்களில், விந்தணு உருவாகும்போது இழைமணிகள் ஒன்றிணையவில்லை, அவை மலடாயின. பாலூட்டிகளில் இதற்கு நிகரானவை மைட்டோஃபியூசின் 1, மைட்டோஃபியூசின் 2 ஆகியனவாகும். வெளிச்சவ்வில் பதிந்துள்ள இவை, அடுத்த இழைமணியின் மைட்டோஃபியூசின்களைப் பற்றிக்கொண்டு, ஜிடிபி மூலக்கூறு சிதைவதால் கிட்டும் ஆற்றலைக் கொண்டு வெளிச்சவ்வுகளை இணைக்கின்றன. உட்சவ்வுகளை ஓபிஏ1 என்னும் புரதம் இணைக்கின்றது. உட்சவ்வின் மடிப்புகளைப் பேணுவதிலும் இதற்குப் பங்குண்டு.

சேர்த்தலும் விலக்கலும்

இணைவின்போது இழைமணிகள் தம் உள்ளடக்கத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றன் சிறு குறையை மற்றொன்று ஈடுசெய்கின்றது. பெரிதும் பழுதுற்ற இழைமணியோ இணைய விடப்படுவதில்லை. உட்சவ்வின் மின்னழுத்தம் வீழும்போது, ஓஎம்ஏ1 என்னும் நொதி ஓபிஏ1 புரதத்தின் நீள்வடிவத்தை வெட்டுகின்றது. அதனால் இணைவு தடைப்படுகின்றது. அத்துடன் பிங்க்1, பார்கின் ஆகிய புரதங்களின் செயலால் மைட்டோஃபியூசின்கள் சிதைக்கப்படுகின்றன. இவ்வாறு தனிமைப்பட்ட இழைமணியைச் செல் தன்னுண்ணல் முறையால் அகற்றுகின்றது.

நோய்களுடனான தொடர்பு

மைட்டோஃபியூசின்களுள் எந்த ஒன்று இல்லையெனினும் எலிக் கருக்கள் பிறக்குமுன்னரே இறப்பதை 2003ஆம் ஆண்டின் ஆய்வு காட்டிற்று. மனிதரில் ஓபிஏ1 மரபணுவின் திடீர்மாற்றங்கள் பார்வை நரம்பை நலிவிக்கும் என்பது 2000ஆம் ஆண்டிலும், மைட்டோஃபியூசின் 2 மரபணுவின் திடீர்மாற்றங்கள் கைகால் நரம்புகளைத் தாக்கும் சார்கோ-மாரி-டூத் 2ஏ நோயை விளைவிக்கும் என்பது 2004ஆம் ஆண்டிலும் வெளிப்பட்டன. உடலெங்கும் உள்ள புரதங்கள் பழுதுறும்போது நீண்ட நரம்புகள் முதலில் நலிவதேன்? நரம்பிழையின் கடைக்கோடிவரை இழைமணிகள் சென்றடைய வேண்டியிருப்பது ஒரு காரணமாகும். அவ்விடப்பெயர்ச்சியிலும் மைட்டோஃபியூசின் 2 பங்கேற்பதால், இணைவுக் குறைபாட்டை மட்டும் கொண்டு இந்நோயை விளக்கிவிட இயலாது.

முடிவுரை

இணைவு என்பது வெறும் சேர்க்கையன்று. சீர்செய்யத்தக்கதைச் சேர்த்து, சீர்செய்ய இயலாததை விலக்கும் தரக்கட்டுப்பாடாகும். ஆதலின் இணைவைக் கூட்டுவதே மருத்துவம் எனக் கொள்ளாது, இவ்விரு பணிகளின் சமநிலையைக் கருத்திற்கொண்டே இத்துறை ஆய்வுகள் அமைதல் வேண்டும்.