கறியும் கோஷ்த்தும்

தமிழகம் விட்டு வடபுலத்தில் குடியேறிய நேயர்களுக்கு அங்காடியிலும் உணவுச்சாலையிலும் முதலில் இடர் விளைப்பவை உணவுப் பெயர்களே. அவற்றுள் இறைச்சியைக் குறிக்கும் சொற்களை அறிந்து வைத்தல், புலால் உண்போர், உண்ணாதார் ஆகிய இரு திறத்தார்க்கும் பயன் தருவதாகும்.

நம் 'கறி' என்னும் சொல்லையே முன்னர் நோக்குவோம். சங்க நூல்களில் அது மிளகைக் குறித்தது; இறைச்சிக்கு 'ஊன்' என்பது பெயர். இக்காலத்திலோ சில இல்லங்களில் கறி எனின் காய். வேறு சில இல்லங்களில் இறைச்சி. வடக்கில் வழங்கும் 'கடி' என்பதோ தயிரும் கடலைமாவும் சேர்த்துக் காய்ச்சும் குழம்பு. ஒலி ஒத்திருப்பினும் அதில் ஊன் இல்லை.

டில்லி, லக்னோ முதலிய நகரங்களில் இறைச்சியின் பொதுப்பெயர் 'கோஷ்த்'. இது பாரசீகச் சொல். கொத்திய இறைச்சி 'கீமா'. இது துருக்கி மொழியிலிருந்து வந்தது. ஈரல் 'கலேஜி' எனப்படும். 'போட்டி' என்னும் சொல்லில் விழிப்பு வேண்டும். தமிழ்நாட்டுக் கடையில் அது ஆட்டுக்குடல், இங்கோ தசைத்துண்டு. இரைப்பை முதலிய வயிற்றுறுப்புகளை இங்கு 'ஓஜ்ரி' என்பர்.

'சோட்டா கோஷ்த்', 'படா கோஷ்த்' என்னும் வழக்குகளும் உண்டு. சிறிய துண்டு, பெரிய துண்டு என்று நாம் பொருள் கொள்ளலாகாது. முன்னது ஆட்டிறைச்சி, பின்னது எருமை போன்ற பெரிய விலங்கின் இறைச்சி. மாட்டிறைச்சியை விலக்குவோர் இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது.

பெயரிலும் தோற்றத்திலும் ஊன் வெளிப்படாத உணவுகளும் உள. 'தோ பியாசா' என்றால் இரு வெங்காயம் என்பது சொற்பொருள். ஆயினும் பெரும்பாலும் அது இறைச்சியோடு சமைக்கப்படுவது. 'ஹலீம்' என்பதில் இறைச்சி கோதுமையோடு குழைந்து உருத்தெரியாது கலந்துவிடும். 'யக்னி புலாவ்' இறைச்சி வெந்த சாற்றிலேயே அரிசியை வேகவைத்துச் செய்வது. துண்டுகளை ஒதுக்கிவிட்டுச் சோற்றை மட்டும் உண்டாலும், உண்டது ஊன்சோறே.

ஆதலின், புலால் உண்ணாதாரும், அமாவாசை, புரட்டாசிச் சனிக்கிழமை ஆகிய நாட்களில் நோன்பு காப்போரும், துண்டு உண்டா என்று மட்டும் வினவி அமைதல் போதாது. 'இஸ்மே கோஷ்த் ஹை?' என்று கேட்டபின், 'யக்னி ஹை?' என்றும் கேட்டறிதல் நலம். இவ்விரு கேள்விகளும் கைவந்தால், அயலூர்ப் பந்தியில் ஐயமின்றி அமரலாம்.