மேக்கப்காரியின் கண்ணில் ஒரு செல்ஃபி போன்

என் தொழிலே முகம்தான். மதுரையில் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறேன். ஆறு மணி முகூர்த்தம் என்றால் இரண்டு மணிக்கே மண்டபத்தில் இருப்பேன். மணமகள் அறையின் டியூப்லைட் வெளிச்சத்தில் பெண்ணும் அவள் தோழிகளும் எடுத்துத் தள்ளுகிற செல்ஃபிகளைப் பார்த்துப் பார்த்தே, எந்த போன் முகத்தை என்ன பாடுபடுத்தும் என்பது எனக்கு அத்துப்படி. அதனால், "செல்ஃபிக்கு எந்த போன் வாங்கலாம்க்கா?" என்று யாராவது கேட்டால், கடைக்காரர் சொல்கிற பதிலை நான் சொல்வதில்லை.

கடைக்காரர் சொல்வது மெகாபிக்சல். 2010-ல் வந்த ஐபோன் 4-ன் முன் கேமரா முழுதாக ஒரு மெகாபிக்சல்கூட இல்லை. வீடியோ காலுக்குப் போதும் என்று வைத்தது அது. செல்ஃபிக்கென்றே போன் என்கிற பேச்சு நம் கடைத்தெருக்களைப் பிடித்தது 2016-ல். அந்த ஜனவரியில் ஓப்போ எஃப்1 எட்டு மெகாபிக்சல் முன் கேமராவோடு வந்தது. நவம்பரில் விவோ வி5 ஒரே தாவாகத் தாவி இருபதைத் தொட்டது. ரீசார்ஜ் கடைகளின் பெயர்ப்பலகைகள் ஓப்போவின் பச்சையும் விவோவின் நீலமுமாக மாறிய காலம்.

வி5-ஐ ஒரு மாதிரிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வந்தபோது விலை 17,980 ரூபாய். முன்னால் 20 மெகாபிக்சல், பின்னால் 13. கோவிலையும் குழந்தையையும் எடுக்கிற கேமராவைவிட நம்மை நாமே எடுக்கிற கேமராவுக்குப் பெரிய எண்! ஆனால் அதன் திரை 1280-க்கு 720 புள்ளிகள்தான். பெருக்கிப் பாருங்கள், ஒன்பது லட்சத்துச் சொச்சம். இரண்டு கோடிப் புள்ளிகளில் எடுத்த படத்தை அந்தப் போனிலேயே முழுதாகப் பார்க்க வழியில்லை. பிறகு அது வாட்ஸப்பில் போகும்போது இன்னும் சுருங்கும். பெரிதாக்கி பிரிண்ட் போடுகிறவர்களுக்கு அந்த எண் உதவும். செல்ஃபியை பிரிண்ட் போட்ட பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை.

அதற்குப் பின் வந்த 32 மெகாபிக்சல் முன் கேமராக்கள் பலவற்றில் இன்னொரு சங்கதி உண்டு. புள்ளிகள் அத்தனை பொடிசு என்பதால், நான்கு நான்காகச் சேர்த்து எட்டு மெகாபிக்சல் படமாகவே கொடுக்கும். குறைந்த வெளிச்சத்தில் அது நல்லதுதான், படத்தில் மணல் தூவியதுபோன்ற புள்ளி குறையும். ஆனால் பெட்டியில் அச்சடித்திருப்பது 32.

வி5-ல் எனக்குப் பிடித்தது அதன் முன்பக்க விளக்கு. 'மூன்லைட்' என்று பெயர் வைத்தார்கள். பளீரென்று வெட்டாமல் மெதுவாக முகத்தில் படிகிற வெளிச்சம். இது எங்கள் தொழிலில் பெரிய விஷயம். சன்ஸ்க்ரீன் கலந்த சில ஃபவுண்டேஷன்களில் ஜிங்க் ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ இருக்கும். ஃபிளாஷ் நேராக அடித்தால் அது வெளிச்சத்தைத் திருப்பி விட்டு, முகம் மட்டும் மாவு அப்பியதுபோல வெளுத்துப்போகும். நேரில் அழகாக இருந்த பெண் ஆல்பத்தில் அப்படித் தெரிந்தால் திட்டு வாங்குவது நான்தானே.

இனி மூக்கு. "அக்கா, மூக்கைக் கொஞ்சம் ஒல்லியாக் காட்டுங்க" என்று கேட்காத பெண் அபூர்வம். ஏனென்றால் அவர்கள் தங்கள் மூக்கைப் பார்ப்பது கை நீட்டும் தூரத்தில். லென்சுக்கு மிக அருகில் நிற்பது மூக்கு, சற்றுப் பின்னால் கன்னம், அதற்கும் பின்னால் காது. கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். 2018-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். ஐந்தடியில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், பன்னிரண்டு அங்குலத்தில் எடுத்ததில் மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடித் தெரிகிறதாம். செல்ஃபியைக் காட்டி மூக்கை வெட்டச் சொல்லி வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதற்காக எழுதப்பட்ட கட்டுரை அது. ட்ரையலுக்கு வந்த ஒரு பெண் மூக்குக்காகவே கண் கலங்கினாள். அவள் போனையே வாங்கி ஐந்தடி தள்ளி நின்று, பின் கேமராவில் எடுத்துக் காட்டினேன். "இது யாருக்கா?" என்றாள். அவளுடைய அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நீதாண்டி, நாங்க தினம் பாக்குறது இந்த மூக்கைத்தான்" என்றார். எந்த விலை கொடுத்தாலும் செல்ஃபி போன் இந்தத் தூரத்தை வாங்கித் தராது. கை எவ்வளவு நீளுமோ அவ்வளவுதான்.

நிறம் பற்றித்தான் எனக்குக் கோபம். பியூட்டி மோடில் எடுத்த படத்தை நீட்டி, "இந்தக் கலர் வேணும்" என்பார்கள். அந்தப் படத்தில் தோலின் துளைகள் இருக்காது, தாடையோர மச்சம் இருக்காது, மூக்குத்திக் கல்லின் ஓரம்கூட மழுங்கியிருக்கும். மாநிறப் பெண் இரண்டு ஷேடு ஏறியிருப்பாள். யாரைக் கேட்டு ஏற்றினார்கள்? போனை வாங்கிய அன்றே பியூட்டி மோடு ஆன் செய்யப்பட்டிருப்பதால், அதுதான் தன் முகம் என்று அந்தப் பிள்ளை நம்பிக்கொண்டிருக்கிறாள். கூகுள் 2020-ல் தன் பிக்சல் 4ஏ முதலான போன்களில் இந்த முகப் பூச்சு தானாக ஆன் ஆகாது, வேண்டுமென்றால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று மாற்றியது. அடுத்த ஆண்டு பிக்சல் 6-ல் கறுத்த, மாநிறத் தோல்களை உள்ளபடி காட்டுவதற்கென்றே கேமராவைத் திருத்தினார்கள். செல்ஃபி விளம்பரம் எதிலும் அந்த அளவுக்கு உருப்படியான செய்தியை நான் பார்த்ததில்லை.

கடைக்குப் போனால் நான் செய்வது இது. முதலில் பியூட்டி அளவுகோல்கள் எல்லாவற்றையும் பூஜ்ஜியத்துக்கு இழுப்பேன். "அக்கா, அதைப் போட்டா சூப்பரா வரும்க்கா" என்று கடைப்பையன் பதறுவான். பதறட்டும். கடைக்குள் அடிக்கிற வெள்ளை எல்.இ.டி.யில் எல்லாருமே அழகுதான் என்பதால் போனோடு வாசலுக்கு வந்துவிடுவேன். மணிக்கட்டை உள்பக்கமாகத் திருப்பிக் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு படம். ஃபவுண்டேஷன் தேர்ந்தெடுக்கிற கண்ணோடு அதைப் பார்ப்பேன். கை ஒரு நிறம், முகம் ஒரு நிறமாக வந்தால் பூஜ்ஜியத்தில் வைத்த பிறகும் அந்த போன் திருட்டுத்தனம் பண்ணுகிறது என்று பொருள். அடுத்து, வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து ஒன்று. வானமும் முகமும் இரண்டுமே தெரிய வேண்டும்.

கடைசியாக முகத்துக்கு மிக அருகில் ஒன்று, கண்ணுக்காக. முன் கேமராக்களில் பெரும்பாலானவை ஃபோகஸை மாற்றத் தெரியாதவை. கை தூரத்துக்கென்று பூட்டி அனுப்பிவிடுகிறார்கள். அருகில் கொண்டுபோனால் மையும் இமைமுடியும் ஒன்றாகக் கலங்கும். ஆட்டோஃபோகஸ் உள்ளதில் இமைமுடி ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும். 2020-ல் வந்த விவோ வி20-ல் அது இருந்தது. ஐபோனுக்கு 2022-ல், ஐபோன் 14-ல்தான் கிடைத்தது. மெகாபிக்சலில் பாதியை விட்டுக்கொடுத்து இந்த ஒன்றைக் கேட்டு வாங்குங்கள் என்பேன்.

முகூர்த்தப் படத்துக்கு மட்டும் இதெல்லாம் வேண்டாம். போனை மாப்பிள்ளையின் தங்கை கையில் கொடுத்து, ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பி, அவளை ஐந்தடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.