கழுத்தில் இருப்பது அழுக்கு இல்லை

பிள்ளையின் பின்கழுத்தில் கறுப்பாக ஒரு வளையம் தெரிந்தால், நம்ம வீடுகளில் முதல் வைத்தியம் பீர்க்கங்காய் நார்தான். "ஒழுங்கா தேய்ச்சுக் குளிக்கிறதே இல்லை" என்று ஒரு திட்டு. அடுத்து கடலை மாவு, எலுமிச்சைத் தோல். ஊரிலிருந்து பாட்டி வந்திருந்தால் பயத்தம் மாவும் சேர்ந்துகொள்ளும். இரண்டு வாரம் தேய்த்தாலும் அது போகாது. ஏனென்றால் அது அழுக்கே இல்லை. அழுத்தித் தேய்க்கத் தேய்க்கத் தோல் எரிச்சலாகி இன்னும் தடிக்கத்தான் செய்யும்.

இதற்கு மருத்துவத்தில் அகாந்தோசிஸ் நைக்ரிகான்ஸ் என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான், ஆனாலும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், டாக்டரிடம் பேசும்போது உதவும். பின்கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, சில பேருக்கு முழங்கை, விரல் மொட்டு என்று இந்த இடங்களில் தோல் கறுத்துத் தடித்து, தொட்டால் வெல்வெட் துணி போல இருக்கும். வலிக்காது, தொற்றாது.

நான் வளர்ந்தது, இப்போது வேலை பார்ப்பது இரண்டும் டெக்சஸில். இங்கே மாநிலத்தின் பல பகுதிகளில், அரசுப் பள்ளி நர்ஸ் கண், காது பரிசோதனையோடு பிள்ளைகளின் பின்கழுத்தையும் பார்ப்பார். 1, 3, 5, 7-ஆம் வகுப்புகளில் சட்டப்படியே இது நடக்கிறது. அடையாளம் தெரிந்தால் உயரம், எடை, ரத்த அழுத்தம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கடிதம் அனுப்புவார்கள். என் அக்கா மகனுக்கு ஐந்தாம் வகுப்பில் அப்படி ஒரு கடிதம் வந்தது. அக்கா படித்துவிட்டு என்னைத்தான் கூப்பிட்டாள். "நம்ம கலரே இதுதான்னு இவங்களுக்கு யாருடா சொல்றது?"

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நிறத்தைப் பற்றி இங்கே பள்ளியிலும் ஊரில் சொந்தக்காரர்களிடமும் போதுமான அளவு கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கறுப்பு என்று யாராவது சொன்னாலே சண்டைக்குத் தயாராகிவிடுவோம். ஆனால் அந்தக் கடிதம் நிறத்தைப் பற்றியது இல்லை. பிள்ளையின் கன்னம், கை, வயிறு எல்லாம் ஒரு நிறத்தில் இருக்கும்போது, கழுத்து மடிப்பு மட்டும் அதைவிட அடர்த்தியாக, தடிப்பாக, கோடு கோடாக இருக்கிறதா? அதுதான் கேள்வி. மாநிறமோ நல்ல கறுப்போ, பிறந்ததிலிருந்து இருக்கும் நிறம் வேறு. சில மாதங்களில் ஒரு இடத்தில் மட்டும் மாறுவது வேறு. விரலால் தடவிப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

அக்கா மகனை டாக்டரிடம் கூட்டிப்போனபோது நானும் போயிருந்தேன். அவன் ஹூஸ்டன் வெயிலிலும் ஹூடியைக் கழற்றாத பையன். வகுப்பில் யாரோ "குளிக்கவே மாட்டியா" என்று கேட்டதிலிருந்து அப்படி. டாக்டர் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுக் கழுத்தைத் துடைத்துக் காட்டினார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. (ஸ்பிரிட்டில் துடைத்தால் போய்விடுகிற ஒரு வகைக் கறுப்பும் இருக்கிறதாம், அதற்கு வைத்தியமே துடைப்பதுதான்.) "பார்த்தாயா, இது அழுக்கில்லை" என்று அவனிடமே சொன்னார். அவன் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு எங்களுக்கு விளக்கினார். நாம் சாப்பிடும் சாதமும் சர்க்கரையும் ரத்தத்தில் குளுக்கோஸாக ஏறும்போது, அதை செல்களுக்குள் அனுப்ப கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. செல்கள் சரியாகக் காதுகொடுக்காவிட்டால் கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கும். இதுதான் இன்சுலின் ரெசிஸ்டன்ஸ். இப்படி ரத்தத்தில் கூடிப்போன இன்சுலின், வளர்ச்சிக்கான வேறொரு ஹார்மோனுக்கு உரிய வாசல் வழியாகத் தோல் செல்களையும் தூண்டிவிடுகிறது. அவை வேகமாகப் பெருகித் தோல் தடிக்கிறது, கறுப்பாகத் தெரிகிறது.

இதில் நாம் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. கணையம் இரட்டை வேலை பார்த்துச் சமாளிக்கிற வரைக்கும் ரத்தச் சர்க்கரை நார்மலாகவே காட்டும். "சுகர் பார்த்தாச்சு, ஒண்ணுமில்லை" என்று நிம்மதியாகிவிடுவோம். சர்வர் திணறிக்கொண்டிருக்கும், வெப்சைட் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் தொழிலில் தினம் பார்க்கிற கதை. கழுத்து அதற்கு முன்னாலேயே சொல்லிவிடலாம்.

அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதல் இது: பிள்ளைக்கு 10 வயதாகியிருந்தாலோ, அதற்கு முன்பே பருவமடையத் தொடங்கியிருந்தாலோ, எடையும் கூடுதலாக இருந்து, கூடவே ஒரு அபாயக் காரணமும் இருந்தால் டைப் 2 சர்க்கரை நோய்க்குப் பரிசோதிக்கலாம். கர்ப்ப காலத்தில் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது, பெற்றோருக்கோ தாத்தா பாட்டிக்கோ இருப்பது, ஆசிய வம்சாவளி, இந்தக் கழுத்துக் கறுப்பு, எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நம் வீடுகளில் எத்தனைக்கு டிக் அடிப்போம் என்று யோசித்துப் பாருங்கள். ஹெச்பிஏ1சி 5.7-க்குக் கீழே என்றால் நார்மல், 5.7 முதல் 6.4 வரை முன்நிலை, 6.5-உம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். மருமகனுக்கு 5.8. கொழுப்பு, கல்லீரல் பரிசோதனைகளும் எடுத்தார்கள்.

அக்கா வீட்டில் சாதத்தை நிறுத்தவில்லை, அளவைக் குறைத்தார்கள். காலை ஜூஸை நிறுத்தினார்கள். ஒரு டம்ளர் ஆப்பிள் ஜூஸில் ஏறக்குறைய 6 டீஸ்பூன் சர்க்கரை இருக்கிறது, பழம்தானே என்று ஊற்றிக்கொடுக்கிறோம். ராத்திரி சாப்பிட்டதும் அத்தானும் மகனும் பேட்டை, பந்தை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அவனிடம் எடையைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்று அக்கா வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் செய்தி போட்டாள். அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை என்பேன். இன்சுலின் குறைந்தால் கறுப்பும் மெல்ல மங்கும், ஆனால் மாதக்கணக்காகும்.

அதுவரை பொறுமையில்லாமல் ஊரிலிருந்து வரும் வெளுக்கும் க்ரீமைத் தடவாதீர்கள். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ட்யூபில் எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு, பிள்ளையின் தோலை மெலிதாக்கிவிடும்.

எல்லாக் கறுப்பும் இதே கதை இல்லை. சைவச் சாப்பாட்டு வீடுகளில் விரல் மொட்டுகள் கறுத்தால் பி12 குறைவாக இருக்கலாம். உள்ளங்கை ரேகை, ஈறு, பழைய தழும்பு எல்லாம் கறுத்து, களைப்பும் எடைக் குறைவும் சேர்ந்து வந்தால் அட்ரீனல் சுரப்பியைப் பார்க்க வேண்டியிருக்கும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். பதின்ம வயதுப் பெண்ணுக்குக் கழுத்துக் கறுப்போடு மாதவிடாயும் தாறுமாறாக இருந்தால், பிசிஓஎஸ் பற்றிக் கேளுங்கள். வயதானவர்களுக்குத் திடீரென்று வந்து வேகமாகப் பரவினால், எடையும் இறங்கினால், அரிதாக வயிற்றுப் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கும். விசிட்டுக்கு வந்திருக்கும் அப்பா அம்மாவிடம் அப்படிப் பார்த்தால், ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

அப்புறம், உங்கள் கழுத்து. ஆசிய வம்சாவளிப் பெரியவர்களுக்கு பிஎம்ஐ 25 வரை காத்திருக்காமல் 23-லேயே சர்க்கரையைப் பரிசோதிக்கச் சொல்லி 2015-லேயே அதே சங்கம் சொல்லிவிட்டது. பின்கழுத்து நமக்கே தெரியாது. வீட்டில் யாரையாவது பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள்.