கருவிழிக்குள்ளே ஒரு பம்ப் செட்

காவேரிப்பாக்கம் பக்கம் வயல்ல பம்ப் செட் ரிப்பேரானா மெக்கானிக் வந்து சரிபண்ணிடுவார். நம்ம கருவிழியில இருக்கிற பம்ப்புக்கு அந்த வசதி இல்லை.

கருவிழியின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். அதன் உட்புறத்தில் ஒரே அடுக்காக எண்டோதீலியம் செல்கள். பெரியவர்களுக்குச் சதுர மி.மீ.க்குச் சுமார் 2,500. உள்ளே கசியும் நீரை இவை வெளியேற்றுவதால்தான் கருவிழி தெளிவா இருக்கு. அழிந்த செல் மறுபடி முளைக்காது. ரொம்பக் குறைஞ்சா கருவிழி வீங்கி மங்கிடும். புது லென்ஸ் வச்சும் பயனில்லை.

கண்புரைக்கான பேகோ ஆபரேஷனில், ஊசிமுனை நொடிக்குச் சுமார் 40,000 முறை அதிர்ந்து புரையை உடைக்குது. அந்தச் சூடும் சிதறும் துண்டுகளும் செல்களைத் தாக்கலாம். ஃபுக்ஸ் நோய், பழைய கண் காயம், கல்லா இறுகிய புரை உள்ளவங்களுக்கு ஆபத்து அதிகம்.

கவசம்? விஸ்கோஎலாஸ்டிக் ஜெல். அசையாதபோது கெட்டி, ஊசி வழியா தள்ளினா இளகும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படிச்ச ஷியர் தின்னிங்தான்! மதுரை அரவிந்த் 1992இல் தொடங்கிய ஆரோலேப் இதையும் தயாரிக்குது.

"புரை நல்லா முத்தட்டும்"னு தாத்தா தள்ளிப்போட்டா, உடைக்க அதிக சக்தி தேவைப்படும். சீக்கிரம் கூட்டிட்டுப் போங்க. "செல் எண்ணிக்கை பார்த்தாச்சா டாக்டர்?"னு கேளுங்க. அது வலியில்லாத ஒரு போட்டோ, அவ்வளவுதான்.