தேளின் கொடுக்குக்கு அப்பால்

ஆடி மாத முன்னிரவில் தெற்கு வானில் ஒரு தேள் தெரியும். அதன் நெஞ்சில் சிவப்பாக மின்னுவது கேட்டை. வால் சுருண்டு முடிகிற இடத்து நட்சத்திரங்கள்தான் மூலம். பார்வைக்கு ஒரே உடல். ஆனால் கேட்டை நம்மிடமிருந்து சுமார் 550 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. வால் தொடங்கும் இடத்திலுள்ள எப்சிலான் விண்மீனோ 64 ஒளியாண்டில்! வெகு தொலைவிலுள்ள வேறொரு சூரியனைச் சுற்றும் கோளில் நின்று பார்த்தால் இந்தத் தேளே இருக்காது. இன்று வானியலாளர்கள் வகுத்துள்ள 88 விண்மீன் குழுக்களும் அப்படித்தான். அவை காட்டுவது திசையை மட்டுமே. தொலைவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

வெறும் கண்ணால் நாம் பார்க்கும் ஒவ்வொரு தனி நட்சத்திரமும் நம் பால்வழி மண்டலத்தைச் சேர்ந்ததே. நல்ல இருட்டில் வானம் முழுவதிலும் சுமார் 9,000 நட்சத்திரங்களைக் காணலாம்; ஒரு நேரத்தில் அதில் பாதிதான் அடிவானத்துக்கு மேலே இருக்கும். பால்வழியில் இருப்பவையோ குறைந்தது 10,000 கோடி. வட்டு வடிவான அதன் குறுக்களவு ஏறத்தாழ ஒரு லட்சம் ஒளியாண்டு. நம் கண்ணுக்குத் தெரிபவற்றில் பெரும்பாலானவை ஓராயிரம் ஒளியாண்டுக்குள் அடங்கிவிடுகின்றன. பரப்பில் கணக்கிட்டால் அந்த வட்டு முழுவதில் 2,500-இல் ஒரு பங்கு. நம் முன்னோர் கதை சொல்லி, பெயர் சூட்டி, நாள் குறித்த அத்தனை நட்சத்திரங்களும் ஒரு சின்னத் தெருவின் விளக்குகள்தான் என்பது எனக்கு இன்னும் வியப்பு தீராத செய்தி.

அப்படியானால் மீதி எங்கே? வானின் குறுக்கே வெண்புகைபோல ஓடுகிற பட்டைதான் அது. 1610-இல் தொலைநோக்கியால் அதைப் பார்த்து, எண்ணற்ற நட்சத்திரங்களின் கூட்டம் என்று எழுதினார் கலிலியோ. பால்வழி தட்டையானது, நாம் அதன் உள்ளேயே இருக்கிறோம். தென்னந்தோப்பின் நடுவில் நிற்பவருக்குப் பக்கவாட்டில் மரங்கள் அடர்ந்து சுவராகத் தெரியும். அண்ணாந்தால் நாலைந்து மட்டைகளும் வெட்டவெளியும்தான். வட்டின் தளத்தை ஒட்டிப் பார்க்கும்போது பட்டை, விலகிப் பார்க்கும்போது சிதறிய சில நட்சத்திரங்கள்.

அந்தப் பட்டை மிக அகன்று தெரிவது தேளின் வாலுக்கும் தனுசுக்கும் இடையில். பால்வழியின் மையம் இருப்பது அத்திசையில்தான், சுமார் 26,000 ஒளியாண்டுக்கு அப்பால். இடையிலுள்ள தூசு அதன் ஒளியை மறைத்துவிடுகிறது. அகச்சிவப்புக் கதிர்கள் தூசைக் கடந்து வரும். அவற்றைக் கொண்டு மையத்து நட்சத்திரங்களின் ஓட்டத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்தார்கள். சூரியனைப்போல் 40 லட்சம் மடங்கு நிறை மிகச் சிறிய இடத்தில், ஒரு கருந்துளையாகத் திரண்டிருப்பது அதில் தெரிந்தது. இதற்காக ரைன்ஹார்ட் கென்செலும் ஆண்ட்ரியா கெஸ்ஸும் 2020-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அந்தக் கருந்துளையின் படம் 2022-இல் வெளியானது.

ஆடி அமாவாசையன்று, மேகம் இல்லாவிட்டால், இரவு ஒன்பது மணிவாக்கில் தெருவிளக்கு எட்டாத இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். தெற்கு நோக்கி நின்று தேளின் கொடுக்கைக் கண்டுபிடியுங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கி, கொடுக்கின் மேல் வைத்தால், முஷ்டியின் மேல்விளிம்புக்கு அருகே, சற்றே இடப்பக்கமாக இருக்கிறது பால்வழியின் மையம்.