உல்லன் நூல் விற்போர் கவனத்திற்கு

ஆயத்த ஸ்வெட்டர் எளிதில் கிடைக்கும் இந்நாளிலும், கையால் பின்னக் கற்றுக்கொள்வோர் நம் கடைகளைத் தேடி வருகின்றனர். நாம் விற்கும் நூலை நம்பி அவர்களுடைய பல வார உழைப்பு இருக்கிறது. எனவே இரண்டு விவரங்களை நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, லாட் எண். நூலுக்குத் தொகுதி தொகுதியாகச் சாயம் ஏற்றுகிறார்கள். நிற எண் ஒன்றே ஆனாலும், லாட் மாறினால் நிறம் இலேசாக மாறக்கூடும். உருண்டையில் தெரியாத வேறுபாடு, பின்னிய பிறகு முதுகில் கோடு போட்டதுபோல் தெரியும். ஆகவே சரக்கை லாட் வாரியாக அடுக்கி, தேவையான நூல் முழுவதையும் ஒரே லாட்டில் கொடுப்போம். பிரிக்காமல் மிஞ்சும் உருண்டைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டால், வாங்குபவர் ஓர் உருண்டை கூடுதலாக வாங்கத் தயங்கமாட்டார்.

இரண்டாவது, ஊசி. பழைய எண் முறையில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 8ஆம் எண் 4 மில்லிமீட்டர்; 10ஆம் எண் 3.25 மில்லிமீட்டர். புதியவருக்கு 8ஆம் எண் ஊசியும், சற்றுத் தடித்த வெளிர்நிற நூலும் ஏற்றவை. கண்ணிகள் தெளிவாகத் தெரியும்.

நிட், பர்ல் என்னும் இரு கண்ணிகளைக் கற்றாலே பல வடிவங்கள் பின்னலாம். தவறினால் பிரித்து மறுபடி பின்னலாம்; வெட்டிய துணியில் இது நடக்காது. தாம் பின்னியதைப் பேரக்குழந்தை அணியக் கண்டவர், அடுத்த நூலுக்கும் நம்மிடமே வருவார்.